எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நண்பர் ஒருவரின் மகள் அமெரிக்காவில், மத்திய அரச நிறுவனமொன்றில் சட்டத்தரணியாகக் கடமையாற்றுகிறாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய தந்தையும் நானும் ஒரே விடுதியில், ஒரே அறையில் மூன்று வருடங்கள் இருந்தவர்கள். அந்த உரிமையில் அவள் என்னை மாமா என்றே அழைப்பாள். சட்டம் சம்பந்தமாக ஏதாவது எழுத நேரும்போது நான் அவளிடம் சந்தேகம் கேட்பேன். ஊர்ப் புதினம் அறிய வேண்டுமானால் அவள் என்னிடம் கேட்பாள். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது அவளது குரலில் சற்று அலுப்புத் தெரிந்தது. வருடாந்த மதிப்பீட்டுக்காகத் தனது சாதனைகளைப் படிவத்தில் நிரப்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் ஊக்குவிப்புப் பணம் தீர்மானிக்கப்படுகிறது.

"மாமா, இந்த வருசம் நான் செய்ததிலை ஆகத் திறமான வேலை ஒரு கோவையை மூடினதுதான். அதை எந்தப் பெட்டிக்குள்ளை எழுதுறது எண்டுதான் தெரியேல்லை" என்றாள்.

அரச கொடுப்பனவொன்றை மோசடியாகப் பெற்றுக்கொண்டார் என்று ஒரு முதியவர் மீது சந்தேகம். விசாரணையாளர்கள் கோவையை முடித்து, வழக்குத் தொடரலாம் என்ற சிபாரிசுடன் இவளது மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். இவள் ஆவணங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே பெயருடைய இருவரின் பதிவுகள் கலந்துபோயிருப்பதைக் கண்டிருக்கிறாள். மூன்று வாரம் மெனக்கெட்டு அதை நிரூபித்து, கோவையை மூடும்படி எழுதினாள். அந்த முதியவருக்குத் தம்மீது ஒரு வழக்கு வரவிருந்தது என்பதே இன்றுவரை தெரியாது.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கோ ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முற்பட்ட ஓர் அப்பியாசக் கொப்பி நினைவுக்கு வந்தது. அந்தக் கொப்பியைப் பற்றி எழுதுவதற்கு முன்னர், அவளது படிவத்தின் பின்னணியைச் சற்று விளக்கியாக வேண்டும்.

அமெரிக்க மத்திய அரச ஊழியருக்கான ஊக்குவிப்புப் பணம் சட்டத்தினால் வரையறுக்கப்பட்டது. கடைசி மதிப்பீட்டில் 'முழுமையாகத் திருப்தி' என்ற தரத்தையோ அதற்கு மேலான தரத்தையோ பெற்றவருக்கு, அவரது வருடாந்த அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் வரை ஒரே தடவையில் வழங்கலாம். அசாதாரணமான திறமை என்று நிறுவனத் தலைவர் தீர்மானித்தால் 20 சதவீதம் வரை போகலாம். இந்தப் பணம் அடிப்படைச் சம்பளத்தின் பகுதியாகக் கொள்ளப்படுவதில்லை. கிடைக்கவில்லை என்றோ குறைந்துவிட்டது என்றோ மேன்முறையீடு செய்யவும் முடியாது. விசேட செயலொன்றுக்காக வழங்கப்படும் வெகுமதி வேறு. அதை 10,000 டொலர் வரை நிறுவனமே வழங்கலாம். அதற்கு மேல், 25,000 டொலர் வரை போவதாயின் மத்திய ஆளணி அலுவலகத்தின் அங்கீகாரம் வேண்டும். பணத்துக்குப் பதிலாகச் சம்பளத்துடனான விடுமுறையை வெகுமதியாகக் கொடுக்கும் முறையும் உண்டு. நீதித் திணைக்களத்தின் சட்டத்தரணிகளுக்கு ஜோன் மார்ஷல் விருது என்றொரு பெரும் கௌரவமும் இருக்கிறது. வழக்காடுவோருக்கு மட்டுமன்றி, சட்ட ஆலோசனை வழங்கியோருக்கும் சட்டமூலம் தயாரித்தோருக்கும் அதில் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன.

இதிலே பிழை கண்டுபிடிப்பது எனது நோக்கமன்று. அரச சட்டத்தரணிக்கு வெளியே கிடைக்கக்கூடிய வருமானம் பல மடங்கு. நமது நாட்டிலும் சட்டமா அதிபர் திணைக்களத்தில் பயிற்சி பெற்றுத் தேறியவர்கள் தனியார் தொழிலுக்குப் போய்விடுகிறார்கள் என்ற மனக்குறை பழையது. திறமைசாலியையும் கதிரையைச் சூடாக்குபவரையும் ஒரே தராசில் வைத்து, வினைத்திறன் காண் தடைப் பரீட்சையில் சித்தியெய்தினால் சம்பள ஏற்றம் என்று நடத்துகின்ற நமது அரச சேவையின் முறை ஒன்றும் உயர்ந்ததல்ல. நல்ல வேலைக்கு ஒரு சன்மானம் கொடுப்பதில் என்ன குற்றம்?

குற்றம், நல்ல வேலை எது என்பதை எண்ணிக்கையினால் தீர்மானிக்கத் தொடங்குகின்ற இடத்தில் வருகிறது. கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரை அடுத்துள்ள அரபஹோ கவுண்டியும் அயற்பிரதேசங்களும் சேர்ந்த நீதி மாவட்டத்துக்கு அப்போது கரோல் சேம்பர்ஸ் என்பவர் வழக்குத்தொடுநராக இருந்தார். தமக்குக் கீழ் உள்ள சட்டத்தரணிகளுக்கு அவர் வைத்திருந்த போனஸ் விதியை 2011 இல் டென்வர் போஸ்ட் பத்திரிகை வெளிக்கொணர்ந்தது. பாரதூரமான குற்றங்களை நடத்தும் ஒருவர் வருடத்தில் குறைந்தது ஐந்து வழக்குகளில் விசாரணை வரை செல்ல வேண்டும். அவற்றில் 70 சதவீதத்தில் குற்றவாளித் தீர்ப்புப் பெற வேண்டும். சராசரிப் போனஸ் 1,100 டொலர். செய்தி வெளிவந்ததும் பெரும் கண்டனம் எழுந்தது.

ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து வழக்கில் மூன்று வென்றால் 60 சதவீதம், போதாது. ஆகவே நான்கு வெல்ல வேண்டும். ஒருவர் நான்கு வழக்குகளை நடத்தி மூன்றில் வென்றிருக்கிறார், மாதமோ டிசம்பர் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் ஐந்தாவது கோவை இருக்கிறது. சாட்சியம் பலவீனம். நியாயப்படி அதை வாபஸ் பெற வேண்டும். வாபஸ் பெற்றால் ஐந்து நிரம்பாது, போனஸ் இல்லை. நடத்தித் தோற்றாலும் இல்லை. நடத்தி, எப்படியாவது வென்றால் மட்டுமே உண்டு. அந்த ஐந்தாவது கோவையில் பெயர் இருக்கின்ற மனிதன் ஜூரிமாருக்கு முன்னால் நிற்கும்போது, தன்னை எதிர்த்து எழுந்து நிற்பவருக்கு இந்த வழக்கில் 1,100 டொலர் தங்கியிருக்கிறது என்பதை அறிவானா? அந்தச் சட்டத்தரணி கெட்டவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் உள்ள சாதாரண மனிதராக இருந்தாலே போதும்.

இத்தனைக்கும் அமெரிக்கர் இந்தப் பாடத்தை ஒரு தடவை படித்து முடித்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு அரச வழக்குத்தொடுநர்கள் பலர் சம்பளத்துக்கன்றிக் கட்டணத்துக்கே வேலை செய்தார்கள். ஒரு குற்றவாளித் தீர்ப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. மத்திய அரசின் மாவட்டச் சட்டத்தரணிகளை 1896 ஆம் ஆண்டுச் சட்டமே நிலையான சம்பளத்துக்கு மாற்றியது. ஒஹையோ மாநிலத்தில் மதுவிலக்குக் காலத்தில் கிராம மேயர்களே நீதிபதிகளாக இருந்து மதுவழக்குகளை விசாரித்தனர். குற்றவாளி என்று தீர்த்தால் வழக்குச் செலவு என்ற பெயரில் மேயருக்கு ஒரு பங்கு. விடுதலை செய்தால் ஒன்றுமில்லை. நோர்த் கொலேஜ் ஹில் என்ற கிராமத்து மேயருக்கு இவ்வகையில் மாதத்துக்கு ஏறக்குறைய 100 டொலர் கிடைத்திருக்கிறது. எட் டூமி என்பவருக்கு 100 டொலர் தண்டம் விதித்த வழக்கில் மேயரின் பங்கு 12 டொலர். 1927 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைச் செல்லுபடியற்றதாக்கியது. தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர் டாஃப்ட், முன்னர் ஜனாதிபதியாகவும் இருந்தவர். பன்னிரண்டு டொலருக்காக மட்டும் ஒருவர் நீதி தவறிவிடுவாரா என்று கேட்போருக்கு அந்தத் தீர்ப்பில் பதில் உண்டு.

வரித்துறையிலும் இதே கதைதான். உள்நாட்டு இறைவரிச் சேவையின் அதிகாரிகள் எவ்வளவு பறிமுதல் செய்தார்கள், எவ்வளவு அறவிட்டார்கள் என்பதை வைத்து மதிப்பிடப்படுகிறார்கள் என்ற முறைப்பாடுகள் 1997 இல் செனட் சபைக் குழுவின் முன் வந்து நாடே பேசியது. அடுத்த வருடமே காங்கிரஸ் சட்டமியற்றி, வரி அமுலாக்கப் பெறுபேறுகளைக் கொண்டு ஊழியரை மதிப்பிடுவதையும் இலக்குத் தொகை நிர்ணயிப்பதையும் தடைசெய்தது. வரியிறுப்பாளரை நியாயமாக நடத்தினாரா என்பது மதிப்பீட்டின் ஓர் அளவுகோலாக்கப்பட்டது. சீனாவிலும் கைது, வழக்குத்தாக்கல், குற்றவாளித் தீர்ப்பு ஆகியவற்றுக்கு இலக்குகள் வைத்து அதிகாரிகளைத் தரப்படுத்தும் வழக்கத்தைக் கைவிடும்படி 2015 ஜனவரியில் கட்சியின் அரசியல், சட்ட விவகார ஆணைக்குழு பணித்தது. பல நிரபராதிகள் தண்டிக்கப்பட்ட கதைகள் வெளியான பின்னர் வந்த பணிப்பு அது.

இனி எனது கொப்பிக்கு வருகிறேன்.

1996 இல் கலைப் பட்டத்துடன் கொழும்பில் வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு ஒரு பத்திரிகையில் பகுதிநேர நீதிமன்ற நிருபராக இடம் கிடைத்தது. சம்பளம் இல்லை. அங்குலக் கணக்கு. பிரசுரமான செய்தியைக் கத்தரித்து, அப்பியாசக் கொப்பியில் ஒட்டி, அடிமட்டத்தால் அளந்து, பக்கத்தில் அங்குலத்தை எழுதிக் கணக்குப் பிரிவில் கொடுக்க வேண்டும். அங்கிருந்த எழுதுவினைஞர் தமது அடிமட்டத்தால் மீண்டும் அளப்பார். தலைப்பு கணக்கில் சேராது. அங்குலத்துக்கு எட்டு ரூபா. மாதத்தில் 150 அங்குலத்தைத் தாண்டினால் தனியாக ஓர் ஊக்குவிப்புப் பணம். அந்தப் பணத்தில்தான் எனது அறை வாடகை இருந்தது.

பொய் எழுதும்படி எவரும் சொல்லவில்லை. நானும் பொய் எழுதவில்லை. ஆனால் அங்குலக் கணக்கு எனது பேனாவைப் பழக்கியெடுத்தது. ஒரு விபத்து வழக்கில் பஸ்ஸின் இலக்கம் வரை எழுதினேன். எதிரியின் தந்தை பெயர், பிறந்த ஊர், படித்த பாடசாலை எல்லாம் அங்குலமாகின.

அந்த வருட நடுப்பகுதியில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த வடபகுதி இளைஞர் ஒருவரைப் பொலிஸார் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தனர். வெடிபொருள் கடத்தலுக்கு உதவினார் என்பது குற்றச்சாட்டு. நீதவான் முன்னிலையில் பொலிஸார் சமர்ப்பித்த அறிக்கையைப் பிரதி பண்ணிக்கொண்டு வந்து முழுவதையும் எழுதினேன். அவருடைய பெயர், தந்தையின் பெயர், கிராமம், அவர் வேலை பார்த்த கடை இருந்த தெரு. முதற்பக்கத்தில் தொடங்கி உட்பக்கத்தில் முடிந்தது. பதினான்கு அங்குலம். நூற்றுப் பன்னிரண்டு ரூபா. அந்த மாதம்தான் முதற்தடவையாக 150 ஐத் தாண்டினேன். நண்பர்களுக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறது.

1998 இல் அந்த வழக்கு மேல் நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டது. சாதாரண சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரிக்கு அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் அளிக்கப்பட்ட ஒப்புதலை ஏற்றுக்கொள்ளும். அது சுயவிருப்பில் அளிக்கப்படவில்லை என்று காட்டும் பொறுப்பும் எதிரியின் தலையில்தான். அந்த இளைஞரின் ஒப்புதல் சிங்களத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. உண்மை விளம்பல் விசாரணை அன்று தொடங்கவிருந்தது. அரச சட்டவாதி நினைத்திருந்தால் அதை நடத்தியிருக்கலாம். அக்காலச் சூழலில் வென்றும் இருக்கலாம்.

அவர் நடத்தவில்லை. மெலிந்த, கண்ணாடி அணிந்த சிங்கள இளைஞர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருந்திருப்பார். எழுந்து நின்று, தாம் ஒப்புதலையும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையையும் பரிசீலித்ததாகவும், அந்த ஒப்புதலைத் தவிர வேறு சாட்சியம் எதுவும் இல்லை என்றும், ஆகையால் சட்டமா அதிபர் இவ்வழக்கை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை என்றும் தாழ்ந்த குரலில் கூறினார். நான்கு நிமிடம்கூட ஆகியிராது. விசாரணையை நடத்திய பொலிஸ் அதிகாரி அவரைப் பார்த்த பார்வையை நான் எனது வாங்கிலிருந்து கண்டேன். எதிரிக் கூண்டில் நின்றவருக்கு மொழிபெயர்ப்பாளர் விளக்கிச் சொல்லும்வரை ஒன்றும் விளங்கவில்லை.

புதுக்கடை நீதிமன்ற விறாந்தையில் அந்தச் சட்டவாதியைப் பிடித்து, சற்று விரிவாக ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டேன். எனக்கு அங்குலம் வேண்டியிருந்தது. "இதில் எழுத என்ன இருக்கிறது? வழக்கு இல்லை, அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த கோவையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கோவையைப் படித்து முடிக்க அவருக்கு எத்தனை இரவுகள் சென்றிருக்கும், மேலதிகாரியை இணங்கச் செய்ய எத்தனை தடவை மாடிப்படி ஏறியிருப்பார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அந்த வருடம் அவரது வேலையை எவராவது எண்ணியிருந்தால், இந்த வழக்கு எண்ணிக்கையில் வந்திருக்காது. வந்திருந்தாலும் தோல்வி என்ற பத்தியில்தான் வந்திருக்கும்.

எனது செய்தி ஒன்பதாம் பக்கத்தின் அடியில் இரண்டு அங்குலமாக வந்தது. பதினாறு ரூபா. கைதுச் செய்திக்கு இடம் இருந்தது, விடுதலைச் செய்திக்கு இடம் இல்லை என்று செய்தி ஆசிரியர் மீது பழி போடலாம். ஆனால் நான் எழுதிக் கொடுத்ததே மூன்று அங்குலந்தான். பொலிஸ் அறிக்கையைப் போல் பிரதி பண்ண அதில் ஒன்றும் இருக்கவில்லை.

சில வாரங்களின் பின் ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்து வரவேற்பு மேசையில் எனது பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்த இளைஞரின் தாயார். ஒரு பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டைப் பிரதியும் மகனின் படமும், எனது பதினான்கு அங்குலமும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பழைய கடை முதலாளி மகனைத் திரும்பச் சேர்க்கத் தயங்குகிறாராம். விடுதலையானது பேப்பரில் வந்திருந்தால் கொண்டுவரச் சொன்னாராம். நான் கோப்புகளைத் தேடி அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி மறுபுறத்தையும் பார்த்தார்.

"தம்பி, அண்டைக்கு அவ்வளவு பெரிசாப் போட்டியள். இது இவ்வளவுதானோ?"

அடுத்த நாள் மேல் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று, கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதிக்கு அவரையே விண்ணப்பிக்கச் செய்து, கட்டணத்தை நான் கட்டினேன். முதலாளி அதை ஏற்றுக்கொண்டாரோ தெரியாது. அம்மா அதன் பின்னர் வரவில்லை.

மறு வருடம் என்னை நிரந்தரமாகச் சேர்த்து மாதச் சம்பளம் தந்தார்கள். பல வருடங்கள் கழித்து நானும் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து பிரதேச நிருபர்களின் கொப்பிகளில் கையொப்பமிட்டேன். விடுதலைச் செய்திகளுக்கு இரட்டை அங்குலம் கணக்கிட வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் நல்ல பகிடி என்று சிரித்தார்கள். ஒருவேளை அதுவும் பிழையான யோசனையாகத்தான் இருந்திருக்கும். இரட்டைக் கூலி கொடுத்தால், விடுதலைச் செய்தியையும் பஸ் இலக்கம் போட்டு நீட்டி எழுத யாரேனும் பழகியிருப்பார்.

இதையெல்லாம் நண்பரின் மகளிடம் அன்று சொல்லவில்லை. அடுத்த கிழமை அவளே மீண்டும் அழைத்தாள். மூடிய கோவையைப் படிவத்தின் கடைசிப் பெட்டியில், 'ஏனையவை' என்பதன் கீழ் இரண்டு வரியில் எழுதினாளாம். மேலதிகாரி நல்ல மனுசி, கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் படிவத்தைத் திருப்பி அனுப்பி, அந்த இரண்டு வரிக்கு எதிரே ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்: இதன் பெறுபேறு என்ன?

"என்ன மாமா எழுதுறது?" என்று கேட்டாள்.

அப்போதுதான் கொப்பியின் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். என்ன எழுதினாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.